ரயில்களை எண்ணியவர்கள்: முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ரகசிய வலை

"அந்நியப் படை பிடித்து வைத்திருக்கும் ஊரில், கையில் ஆயுதமில்லாத சாதாரண ஜனங்கள் நடத்திய உளவு வலைகள் நிஜத்தில் எப்படி இயங்கின? போரின் போக்கில் அவற்றால் ஏதாவது பயன் இருந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயன் இருந்தது. ஆனால் ஒரே ஒரு ஆவணத்தைத் திருடி போரையே திருப்பிவிட்டார்கள் என்பது மாதிரியான பயன் இல்லை. நாள் தவறாமல், அலுப்பு தட்டும் ஒரு வேலையை ஆயிரம் பேர் பிழையில்லாமல் செய்ததால் கிடைத்த பயன் அது. முதல் கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு வலையை எடுத்துக்கொள்கிறேன். முதல் உலகப் போரில் ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பெல்ஜியத்தில் இயங்கிய 'லா டாம் பிளான்ஷ்', அதாவது 'வெள்ளைச் சீமாட்டி'. ஜெர்மன் பேரரசரின் ஹோகென்சோலர்ன் வம்சத்தில் ஒரு பழங்கதை உண்டு. வெள்ளை உடை தரித்த ஒரு பெண் உருவம் தோன்றினால் அந்த வம்சத்துக்கு அழிவு வரும் என்பார்கள். அந்தப் பெயரைத்தான் தங்கள் வலைக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின் பிரெஞ்சு, போலந்து எதிர்ப்பியக்கங்களைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியும். இந்தப் பெல்ஜிய வலை அவற்றுக்கெல்லாம் முன்னோடி. அதற்குக் கிடைக்க வேண்டிய கவனத்தில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. கிழக்கு எல்லையில் இருக்கும் லியேஜ் நகரத்தின் கோட்டைகள் ஆகஸ்ட் 16 வரை தாக்குப்பிடித்தன. அதன்பின் சில வாரங்களில் நாட்டின் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. போகிற வழியில் நடந்த கொலைகள் சாதாரணமானவை இல்லை. தினான் என்ற சிறு நகரத்தில் மட்டும் 674 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். லூவெனில் பல்கலைக்கழக நூலகத்தைக் கொளுத்தினார்கள். அடுத்த நான்கு வருஷம் பெல்ஜியர்கள் அடையாள அட்டையும் அனுமதிச் சீட்டும் இல்லாமல் பக்கத்து ஊருக்குக்கூடப் போக முடியாத நிலைமை. போர்முனைக்கு நெருங்கிய பகுதிகள் நேரடியாக ராணுவத்தின் பிடியில் இருந்தன. அங்கே கெடுபிடி இன்னும் கடுமை. 1916 அக்டோபரிலிருந்து ஆண்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 1,20,000 பேர்.

சரி, இந்த மக்களிடம் நேச நாடுகளுக்குப் பயன்படும்படி என்ன தகவல் இருந்திருக்க முடியும்? ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. ஜெர்மன் தலைமையகத்தில் ஆள் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ரயில் பாதை இருந்தது.

மொத்த விஷயமும் இதைச் சுற்றித்தான். மேற்குப் போர்முனை என்பது கடலிலிருந்து சுவிட்சர்லாந்து வரை நீண்ட பதுங்குகுழி வரிசை. அங்கே லட்சக்கணக்கான வீரர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் பெரிய தாக்குதலுக்குத் தயாராக வேண்டுமென்றால், ஓரிடத்தில் புதிதாகப் படைகளைக் குவித்தாக வேண்டும். அன்றைய நிலையில் அதை ரயிலில்தான் செய்ய முடியும். ஒரு டிவிஷனை, அதாவது பல ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவை, இடம் மாற்ற, ஆட்கள், குதிரைகள், பீரங்கிகள், சமையல் வண்டிகள் என்று பல டஜன் ரயில்கள் வேண்டும். இவை ஏறக்குறைய ஒரே அமைப்பில், சீரான இடைவெளியில், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அதிகாரிகளுக்குப் பயணிகள் பெட்டி, வீரர்களுக்கும் குதிரைகளுக்கும் சரக்குப் பெட்டி, பீரங்கிகளுக்குத் திறந்த பெட்டி. தண்டவாளத்தின் ஓரத்தில் ஒருவர் இரவும் பகலும் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், என்னென்ன பெட்டிகளோடு ரயில் போனது என்று குறித்துவைத்தால் போதும். அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர், ஒரு டிவிஷன் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு பாதையில் மட்டும் ஆள் வைத்தால் பாதித் தகவல். நாட்டின் முக்கியச் சந்திப்புகள் எல்லாவற்றிலும் வைத்தால், அந்தப் படை எங்கே ஏறி எங்கே இறங்கியது என்பது வரைக்கும் தெரியும்.

இதோடு இன்னொரு வேலையும் சேர்ந்தது. ஜெர்மன் வீரர்களின் தோள்பட்டைப் பட்டியில் ரெஜிமென்ட் எண் இருக்கும். ஊரில் தங்கியிருக்கும் படையின் எண்ணைக் கடைத்தெருவில் நடந்தபடியே பார்த்துவிடலாம். வீட்டில் வீரர்கள் தங்கவைக்கப்பட்டிருந்தால் இன்னும் சுலபம். எண்ணும் ரயில் கணக்கும் ஒன்றுசேர்ந்தால், எந்தப் படை எங்கே இருக்கிறது என்ற வரைபடம் தயார்.

இதை பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரர்களும் பெல்ஜிய ராணுவமும் 1915லேயே புரிந்துகொண்டார்கள். ஆனால் ஆரம்பகால வலைகளை அமைத்த விதம் படுமோசம். அதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அதற்கு விலை கொடுத்தவர்கள் உள்ளூர் மக்கள். இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனிலும் நடுநிலை நாடான நெதர்லாந்திலும் உட்கார்ந்துகொண்டு, நேச நாடுகளின் உளவுப் பிரிவுகள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. பிரிட்டனுக்குள்ளேயே ராணுவத் தலைமையகத்தின் பிரிவு தனி, மான்ஸ்ஃபீல்ட் கம்மிங் தலைமையிலான வெளிநாட்டு உளவுத்துறை தனி. ஒருவர் ஆளை இன்னொருவர் இழுப்பது, ஒரே தூதரை இருவர் பயன்படுத்துவது என்று போனது. ஃப்ராங்கினூல் என்பவர் நடத்திய வலையில் ஏராளமான ரயில் கண்காணிப்பு இடங்கள் இருந்தன. ஆனால் அத்தனை அறிக்கைகளும் பெல்ஜியத்தின் லானாகெனிலிருந்து நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டுக்குப் போகும் ஒரே டிராமில்தான் ஒளித்துக் கொண்டுபோகப்பட்டன. அந்த ஒரு வழியை ஜெர்மானியர் கண்டுபிடித்தார்கள். 1916ல் மொத்த வலையும் சரிந்தது, பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

தனி ஆட்களின் வீரத்துக்குக் குறைவே இல்லை. காயம்பட்ட வீரர்களையும் இளைஞர்களையும் எல்லை கடத்திய செவிலி எடித் கேவெல் 1915 அக்டோபர் 12 அன்று பிரஸ்ஸல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிட்டிஷாருக்காக உளவு பார்த்த காப்ரியேல் பெத்திக்கு வயது 23தான். 1916 ஏப்ரல் 1 அன்று கண்ணைக் கட்ட மறுத்துவிட்டுத் துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்றார். இருவரும் அந்த நாட்டில் இன்றும் கொண்டாடப்படுகிறவர்கள். ஆனால் பெத்தியைப் போன்ற எத்தனையோ பேரின் பின்னால் சரியான அமைப்பு இருந்திருந்தால் அவர்கள் இன்னும் நீண்ட நாள் இயங்கியிருப்பார்கள்.

அதே மாதத்தில் லியேஜின் ஷார்த்ரூஸ் கோட்டையில் இன்னொருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். தியுதொனே லாம்ப்ரெக்ட் என்ற தொழிலதிபர். ரயில் கண்காணிப்பு வலை ஒன்றை நடத்திவந்தார். ஜெர்மன் எதிர்உளவுப் பிரிவு உள்ளே புகுந்து அவரைப் பிடித்தது. கூட இருந்தவர்களின் பெயர் எதையும் அவர் சொல்லவில்லை. அவருடைய உறவினர் வால்தேர் தெவே, லியேஜில் தொலைபேசித் துறைப் பொறியாளர், அப்போது வயது 35. லாம்ப்ரெக்ட் விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்று தெவே முடிவு செய்தார். தன் நண்பரான ஹெர்மன் ஷோவென் என்ற பேராசிரியரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். அவரும் மின்னியல் துறைக்காரர்.

இரண்டு பொறியாளர்கள் தலைமையில் அமைந்தது தற்செயல்தான், ஆனால் அது வலையின் வடிவத்திலேயே தெரிகிறது. தொலைபேசி இணைப்பகம் கட்டுகிறவருக்கு, ஒரு கம்பி அறுந்தால் ஊர் முழுக்கத் தொடர்பு அறுந்துவிடக்கூடாது என்பது தொழில்முறைப் பாடம். முந்தைய வலைகள் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் அறுந்தது என்று அவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். அதிலிருந்து விதிகளை உருவாக்கினார்கள். ரயிலை எண்ணுகிறவர் அறிக்கையைச் சுமக்கக்கூடாது. சுமக்கிறவருக்கு, எண்ணுகிறவர் யார் என்று தெரியக்கூடாது. ஒரு குழுவில் இருப்பவருக்கு அடுத்த குழுவின் ஆளைத் தெரியக்கூடாது. உண்மைப் பெயர் எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது. எல்லை கடக்கும் வழி ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும், ஒன்று போனால் இன்னொன்று தயாராக இருக்க வேண்டும். லியேஜ், நமூர், ஷார்ல்ருவா என்று பட்டாளங்களாகப் பிரித்தார்கள். பட்டாளத்துக்குள் கம்பெனிகள், கம்பெனிக்குள் பிளாட்டூன்கள். அறிக்கைகளைச் சேகரித்துக் கொண்டுவருவதற்கென்றே தனிப் பிளாட்டூன். ஜெர்மன் ரகசியப் போலீஸை வேவு பார்க்கத் தனி ஆட்கள்.

இந்த வலையின் சிறப்பை ஒரு வீட்டை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கு எப்போதும் ஃபூர்மீதான் நினைவுக்கு வரும். அது வட பிரான்ஸில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஊர். ஈர்சோன் சந்திப்போடு அதை இணைக்கும் ரயில் பாதை ஜெர்மன் போர்முனைக்குப் பின்னால் பக்கவாட்டில் படைகளை நகர்த்தும் முக்கிய நரம்பு. ராணுவம் நேரடியாக ஆளும் பகுதி என்பதால் அங்கே வெளியாள் காலடி வைக்கவே முடியாது. அங்கே ஒரு கண் வேண்டும் என்று நேச நாடுகள் நீண்ட காலம் முயன்றும் நடக்கவில்லை. வெள்ளைச் சீமாட்டிக்கு அங்கே ஒரு குடும்பம் கிடைத்தது. ஃபெலிக்ஸ் லத்தூஷ் முன்பு ரயில்வேயில் வேலை பார்த்தவர். வீடு தண்டவாளத்தை ஒட்டியே இருந்தது. 1917 செப்டம்பர் 23 முதல் அந்த வீட்டில் எண்ணும் வேலை ஆரம்பித்தது. பகலில் 14 வயதும் 13 வயதும் ஆன இரண்டு மகள்கள் ஜன்னலில். இரவில் அப்பாவும் அம்மாவும்.

குறிப்பு எழுதிவைத்தால் ஆபத்து. அதனால் அடுப்படிப் பொருட்களை வைத்து எண்ணினார்கள். வீரர்களுக்கு பீன்ஸ், குதிரைகளுக்கு சிக்கரி, பீரங்கிகளுக்குக் காப்பிக்கொட்டை. யாராவது திடீரென்று கதவைத் தட்டினால், மேஜைமேல் சமையலுக்கு எடுத்துவைத்த சாமான் கிடக்கிறது, அவ்வளவுதான். பிறகு சிறு காகிதத்தில் எழுதிய அறிக்கையைத் துடைப்பத்தின் குடைந்த கைப்பிடிக்குள் ஒளித்து, துடைப்பத்தை வழக்கம்போல் மூலையில் சாய்த்து வைத்துவிடுவார்கள். போர் முடியும் வரை அந்த வீடு பிடிபடவில்லை.

இதைப் படிக்கும்போது ரசமாக இருக்கும். ஆனால் ஒரு நிமிஷம் அந்த வீட்டுக்குள் இருந்து யோசித்துப் பாருங்கள். ஏறக்குறைய பதினான்கு மாதம், ஒரு நாள்கூட விடுமுறை இல்லை. மூன்று மணி நேரம் ரயிலே வராது, ஆனாலும் எழுந்து போகக்கூடாது, ஏனென்றால் ரயில் வராததும் ஒரு தகவல். பள்ளிக்கூடம் போகிற வயதில் இருக்கும் பிள்ளைகள் வெளியே யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. பிடிபட்டால் அப்பா அம்மாவுக்கு என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். தாங்கள் எண்ணிய ரயிலால் எங்கே என்ன நடந்தது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. வலையில் இருந்த ஏறக்குறைய எல்லோருடைய வேலையும் இப்படித்தான் இருந்தது. ஒரு தடவை துணிச்சலாக ஏதாவது செய்துவிடுவது மனிதர்களால் முடிகிற காரியம். பலன் கண்ணில் படாமலேயே, பயத்தோடு, தினமும் ஒரே வேலையைச் சரியாகச் செய்வது அதைவிடக் கடினம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த அறிக்கை வீட்டைவிட்டுக் கிளம்பியபின் என்ன ஆகும்? ஒரு தூதர் வந்து எடுத்துக்கொண்டு போய், ஏற்கெனவே பேசிவைத்த ஒரு வீட்டில் போட்டுவிட்டு வருவார். அதை 'தபால் பெட்டி' என்பார்கள். அங்கிருந்து இன்னொருவர். தூதர்களில் எல்லா வகை ஆட்களும் உண்டு: பாதிரியார்கள், வியாபாரிகள், ஆசிரியைகள். இரவில் ஊரடங்கு இருந்தாலும் மருத்துவச்சிக்கு நடமாட அனுமதி உண்டு, பிரசவம் நேரம் பார்த்து வருவதில்லையே. அதையும் பயன்படுத்திக்கொண்டார்கள். அப்புறம் அறிக்கைகள் வலையின் செயலகங்களில் வந்து சேரும். அங்கே வைத்து அவற்றை ஒப்பிட்டு, முரண்பாடு இருந்தால் திருப்பிக் கேட்டு, சுருக்கித் தட்டச்சு செய்வார்கள். லண்டன் விரும்பியது இதைத்தான். மற்ற வலைகளிலிருந்து வந்த வதந்தி மூட்டைக்கு நடுவில், இவர்களிடமிருந்து வந்தது சரிபார்த்த கணக்கு.

கடைசியில் எல்லை. பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் இடையே ஜெர்மானியர் 1915ல் மின்வேலி போட்டுவிட்டார்கள். 2,000 வோல்ட். அந்தக் காலத்துக் கிராமத்து ஆட்களில் பலருக்கு மின்சாரம் என்றால் என்னவென்றே தெரியாது. தொட்டவர்கள் அங்கேயே கருகி விழுந்தார்கள். ஆடுமாடுகளும் செத்தன. மக்கள் அதைச் 'சாவுக் கம்பி' என்றார்கள். அதைத் தாண்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ரப்பர் கையுறை, கம்பிகளுக்கு நடுவே செருகி விரிக்கும் மரச்சட்டம், அடிப்பலகை கழற்றிய பீப்பாய் என்று வழிகளைக் கண்டுபிடித்தார்கள். காவலாளிக்கு லஞ்சம் கொடுப்பதும் ஒரு வழி. வேலிக்கு அந்தப்பக்கம் ரோட்டர்டாமில் ஹென்றி லாண்டாவ் காத்திருந்தார். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரி, டச்சும் ஜெர்மனும் பிரெஞ்சும் தெரிந்தவர். 1916ல் கம்மிங் அவரை அங்கே அனுப்பினார். தெவேயின் வலைக்கு வெளித்தொடர்பு அறுந்தும் ஒட்டியும் போய்க்கொண்டிருந்த நிலையில், 1917 கோடையில் லாண்டாவோடு உறுதியான தொடர்பு ஏற்பட்டது. அதன்பின்தான் வலை விறுவிறுவென்று விரிந்தது.

அப்போது லியேஜ்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இந்தக் கதை முழுவதிலும் என்னை மிகவும் ஈர்த்தது அதுதான். பணம் கேட்கவில்லை. பதவி கேட்கவில்லை. "எங்களை உளவாளிகள் என்று வைக்காதீர்கள், படைவீரர்களாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். லண்டனுக்கு இது தர்மசங்கடம். எதிரியின் பிடியில் உள்ள வேற்று நாட்டில், சீருடை இல்லாத ஆண்களையும் பெண்களையும் ராணுவத்தில் சேர்க்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. தயங்கிவிட்டு, கடைசியில் ஒப்புதல் சொன்னார்கள். உறுப்பினர்கள் போர் முடியும் வரை பணியாற்றுவதாகப் படைவீரர்களைப் போலவே உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்.

இதனால் பிடிபட்டால் உயிர் தப்புமா என்றால், தப்பாது. அது அவர்களுக்கே தெரியும். 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளின்படி, மாறுவேடத்தில் ரகசியமாகத் தகவல் திரட்டுகிறவர் உளவாளிதான், ராணுவ வீரராக இருந்தாலும் அதே கதிதான். விசாரணை இல்லாமல் தண்டிக்கக்கூடாது என்பது மட்டுமே அந்த விதிகள் தந்த பாதுகாப்பு. அப்படியென்றால் எதற்கு இந்தப் பிடிவாதம்? அன்றைக்கு உளவாளி என்றால் காசுக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கிறவன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தங்கள் மகனோ மகளோ செத்தால், அக்கம்பக்கத்தார் அவர்களைப் போர்முனையில் செத்தவர்களோடு சேர்த்து நினைக்க வேண்டும் என்று இந்தக் குடும்பங்கள் விரும்பின. இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. கட்டுப்பாடு இருந்தால்தான் ரகசியம் நிற்கும். உறுதிமொழி எடுத்த படைவீரனிடம் "உனக்கு இது தெரிய வேண்டியதில்லை" என்று சொல்லலாம். தானாக முன்வந்த தேசபக்தரிடம் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்.

பெண்களுக்கும் இதே உறுதிமொழிதான், இதே தகுதிதான். வலையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்கள் பெண்கள். ஆண்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துக்கொண்டு போகும் சூழலில், சந்தேகம் வராமல் நடமாட முடிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்களைத் தூதர்களாக மட்டும் வைத்திருக்கவில்லை. தெரேஸ் த ராதிகே என்ற பிரபுக் குடும்பத்துப் பெண் பெல்ஜியத்தின் தென்பகுதியில், கொன்னோ என்ற கிராமத்தில் இருந்த தன் மாளிகையிலிருந்து ஆட்களைத் திரட்டி நடத்தினார். பிரிட்டனில் பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத 1917ல், பிரிட்டிஷாருக்கு வேலை செய்யும் ஒரு வலையில் பெண்கள் படைவீரர்களாகப் பதிவானார்கள்.

இவ்வளவு கவனத்துக்கும் பிறகு அடி விழாமல் இல்லை. லியேஜுக்குப் பக்கத்தில் வாந்த்ர் என்ற ஊரில் ஒரு வில்லாவில் செயலகம் ஒன்று இயங்கியது. 1918 மார்ச்சில் ஜெர்மன் ரகசியப் போலீஸ் அந்த வீட்டுக்குள் புகுந்தது. அங்கே இருந்தவர்களில் லூயி கொலார், அந்தோனி கொலார் என்ற சகோதரர்கள் இருந்தார்கள். தென்கிழக்கே திந்தின்யியைச் சேர்ந்த பையன்கள். நெதர்லாந்து வழியாகத் தப்பிப்போய் ராணுவத்தில் சேர வேண்டும் என்று வீட்டை விட்டு வந்தவர்கள். இங்கேயே வேலை இருக்கிறது என்று சொல்லி வலையில் சேர்த்துக்கொண்டார்கள். அறிக்கைகளோடு கையும் களவுமாகப் பிடிபட்டதால் தப்ப வழியில்லை. விசாரணையில் அவர்கள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1918 ஜூலையில், போர் முடிய நான்கு மாதம் இருக்கும்போது, லாம்ப்ரெக்டைச் சுட்ட அதே ஷார்த்ரூஸ் கோட்டையில் அண்ணன் தம்பி இருவரையும் சுட்டார்கள்.

தலைமைக்கு இவ்வளவு நெருக்கமான செயலகம் பிடிபட்டும் வலை நிற்கவில்லை. முந்தைய வலைகளில் ஒரு டிராம் போனதும் எல்லாம் போனது. இங்கே ஒரு செயலகமே போனபிறகும், ஃபூர்மீயில் எண்ணுவது எண்ணியபடி நடந்தது. வலையில் கடைசியில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் மரண தண்டனைக்கு ஆளானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெல்ஜியத்தில் இயங்கிய மற்ற வலைகளோடு ஒப்பிட்டால் இது நம்பமுடியாத அளவுக்குக் குறைவு.

இப்போது மறுபடியும் பயன் பற்றிய கேள்வி. 1917 கடைசியில் ரஷ்யா போரிலிருந்து விலகிக்கொண்டது. 1918 மார்ச் 3 அன்று பிரெஸ்ட்-லித்தோவ்ஸ்க் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கப் படைகள் முழுதாக வந்துசேர்வதற்குள் மேற்கில் ஒரே அடியாக அடித்துவிட வேண்டும் என்று, கிழக்குப் போர்முனையில் இருந்த டிவிஷன்களை ஜெர்மனி மேற்கே கொண்டுவந்தது. அவை வருகிற வழி எது? ஜெர்மன் எல்லை நகரமான ஆகனைத் தாண்டி லியேஜ் வழியாகப் பெல்ஜியம். எத்தனை டிவிஷன் வந்தது, எந்தப் பக்கம் திரும்பியது என்ற கணக்கு, தண்டவாளத்து வீடுகளிலிருந்து வாராவாரம் போய்க்கொண்டிருந்தது. நேச நாடுகளுக்கு ஆக்கிரமிப்புப் பகுதியிலிருந்து கிடைத்த தகவலில் பெரும்பகுதி அந்தக் கட்டத்தில் இந்த ஒரு வலையிலிருந்துதான் வந்தது.

ஆனாலும் மார்ச் 21 அன்று ஜெர்மன் தாக்குதல் தொடங்கியபோது பிரிட்டனின் ஐந்தாவது ராணுவம் (Fifth Army) பல மைல் பின்வாங்கியது. அப்படியென்றால் தகவல் எதற்கு என்று கேட்கலாம். எதிரி எத்தனை பேர் என்று தெரிவது வேறு, அவனைத் தடுக்க உங்களிடம் போதிய ஆள் இருப்பது வேறு. உளவுத் தகவல் முதல் வேலையைத்தான் செய்யும். நான் பார்த்தவரை அதன் உண்மையான பயன் தாக்குதலுக்குப் பிந்தைய மாதங்களில் அதிகம். எதிரியிடம் ஓய்வெடுத்த டிவிஷன்கள் இன்னும் எத்தனை மிச்சம் என்று தெரிந்தால்தான், எதிர்த்தாக்குதலில் எவ்வளவு துணிந்து இறங்கலாம் என்று தளபதி முடிவெடுக்க முடியும். ஆகஸ்டிலிருந்து நேச நாடுகள் இடைவிடாமல் முன்னேறியபோது, ஜெர்மன் கையிருப்பு கரைந்துகொண்டே வருவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த வலைதான் போரை வென்றது என்று யாராவது சொன்னால் அது மிகை. அது இல்லாமலே அதே முடிவுகளை அதே நம்பிக்கையோடு எடுத்திருப்பார்கள் என்று சொன்னால் அதுவும் தப்பு.

1918 நவம்பர் 11க்குப் பிறகு பிரிட்டன் தெவே, ஷோவென் உட்பட பலருக்கு விருதுகள் வழங்கியது. உறுப்பினர்கள் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். தெவே தொலைபேசித் துறைக்கே போனார். லாண்டாவ் 1930களில் அமெரிக்காவில் தன் நினைவுகளைப் பெயர்களோடு அச்சிட்டு வெளியிட்டார். இன்று நமக்கு பீன்ஸும் துடைப்பமும் தெரிவது அதனால்தான் என்றாலும், அந்தக் காரியத்தை என்னால் முழுமனதோடு பாராட்ட முடியவில்லை. அடுத்த போர் வரும்போது அதே ஊர்களில் அதே ஆட்கள் இருப்பார்கள், அதே எதிரி வருவான் என்று யோசித்திருக்க வேண்டும்.

வந்தான். 1939ல், போர் நெருங்குவது தெரிந்ததுமே தெவே பழைய ஆட்களைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார். 1940 மே மாதம் பெல்ஜியம் மறுபடி வீழ்ந்தது. தெவே தலைமையில் 'கிளாரன்ஸ்' என்ற புதிய வலை உருவானது. இந்தத் தடவை மின்வேலியைத் தாண்ட வேண்டியதில்லை, வானொலி அலைபரப்பி இருந்தது. தகவல் அன்றைக்கே லண்டன் போய்விடும். ஆனால் அலைபரப்பி எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கும் கருவிகளும் ஜெர்மானியரிடம் வந்துவிட்டன. ஒரே வீட்டில் உட்கார்ந்து நீண்ட நேரம் அனுப்பினால் வாசலில் வண்டி வந்து நிற்கும். முதல் போரில் ஒரு குடும்பம் பதினான்கு மாதம் ஒரே ஜன்னலில் இருக்க முடிந்தது. இரண்டாவது போரில் வானொலி இயக்குநர் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். விதிகளை மறுபடி எழுதினார்கள். ஆனால் அடித்தளம் அதேதான்: ஒருவருக்குத் தன் வேலைக்கு வேண்டியதற்குமேல் தெரியக்கூடாது.

1944 ஜனவரி 14. தெரேஸ் த ராதிகே, முதல் போரில் கொன்னோவில் ஆள் திரட்டிய அதே பெண்மணி, இப்போது மூதாட்டி, பிரஸ்ஸல்ஸில் இருந்துகொண்டு கிளாரன்ஸுக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். அவரைத் தேடி ஜெர்மானியர் வரப்போகிறார்கள் என்ற அபாயம் தெரிந்ததும், அவரை எச்சரிக்கத் தெவே நேரிலேயே கிளம்பினார். தலைவர் இப்படிப் போவது அவரே வகுத்த விதிகளின் உணர்வுக்கு எதிரானதுதான். போனபோது ஜெர்மானியர் ஏற்கெனவே அந்த வீட்டுக்குள் இருந்தார்கள். பிடிபட்டார். அவர்கள் கையிலிருந்து நழுவி, ஓடி, டிராமில் ஏறினார். துரத்தி வந்தார்கள். டிராமிலிருந்து இறங்கி ஓடும்போது இக்செல் பகுதித் தெருவில் ஒரு ஜெர்மன் அதிகாரி சுட்டுக் கொன்றார். தெவேக்கு அப்போது வயது 63. லியேஜில் அவர் நினைவாகவும், இரண்டு போர்களிலும் இந்தப் பணியில் இறந்தவர்கள் நினைவாகவும் ஒரு சிற்றாலயம் இருக்கிறது.

தலைவர் தெருவில் விழுந்தபிறகும் கிளாரன்ஸ் கலையவில்லை. 1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் பிரஸ்ஸல்ஸுக்குள் நுழையும் வரை அதன் அறிக்கைகள் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன.